தன்னிகரில்லாத் தலைவன் யார்? தமிழம்மாவிடம் கேட்டவை

கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கத்து வாசகர்கள் காப்பியங்களைப் பற்றிக் கேட்டவையும், இந்த மலையிலேயே தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான் சொன்ன பதில்களும். ஒரே ஒரு வேண்டுகோள்: நூலில் படித்ததையும் யாரோ சொல்லிக் கேட்டதையும் கலக்காமல் கேளுங்கள்.

பெருமாள்மலை, கல்லூரி மாணவி: அம்மா, பெருங்காப்பியத்துக்கு என்னென்ன இருக்க வேண்டும்? பரீட்சைக்கு வேண்டும்.

தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலில் ஒரே நூற்பாவில் இருக்கிறது. வாழ்த்து, வணக்கம், வருபொருள் இவற்றில் ஒன்றோடு தொடங்க வேண்டும். அறம், பொருள், இன்பம், வீடு நான்கையும் தர வேண்டும். தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும். மலை, கடல், நாடு, நகர், பருவம், ஞாயிறு திங்கள் தோற்றம், மணம், முடிசூட்டு, தூது, போர், வெற்றி என்று வருணனைகள் வர வேண்டும். பரீட்சைக்கு இது போதும். உனக்காக ஒன்று சொல்கிறேன்: தண்டியலங்காரம் 12ஆம் நூற்றாண்டு நூல், வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவியது. சிலம்பு, அதாவது சிலப்பதிகாரம், அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. பேரனுக்குத் தைத்த சட்டையைத் தாத்தாவுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொருந்தவில்லை என்று சொல்லக் கூடாது.

வத்தலக்குண்டு வாசகர்: அப்படியானால் கோவலன் எப்படித் தலைவன் ஆவான்? சொத்தை அழித்தான், மனைவியை விட்டான், பாதிக் கதையில் செத்தும் போனான்.

நல்ல கேள்வி. சிலம்பின் 30 காதையில் (காதை என்றால் ஒரு அத்தியாயம்) 16ஆவது கொலைக்களக் காதை. அதற்குப் பிறகும் 14 காதை இருக்கிறது. கதையைத் தாங்கி நடப்பவள் கண்ணகி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் கோவலனை வெறும் ஊதாரி என்று சொல்பவர்கள் 15ஆவதான அடைக்கலக் காதையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

மதுரைக்கு வெளியே மாடலன் என்ற மறையோன் கோவலனைப் பார்க்கிறான். புகாரில் அவன் செய்ததையெல்லாம் எடுத்துச் சொல்கிறான். மதயானை ஒரு கிழவரைப் பிடித்துக்கொண்டபோது, கோவலன் பாய்ந்து கிழவரை மீட்டு, யானையின் மேலேறி அதை அடக்கினான். மாடலன் அவனைக் ‘கருணை மறவன்’ என்கிறான். பிள்ளையைக் காத்த கீரியைத் தவறாகக் கொன்றதால் கணவன் கைவிட்டுப் போன பெண்ணுக்கு, பாவம் தீரத் தானம் செய்து, கணவனோடு சேர்த்து வைத்தான். ‘செல்லாச் செல்வன்’, குறையாத செல்வம் உள்ளவன், என்கிறான். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது, அவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்தான். பூதம் மறுத்தது. அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டு காப்பாற்றினான். ‘இல்லோர் செம்மல்’, இல்லாதவர்களுக்குத் தலைவன், என்கிறான்.

இந்த மூன்றையும் முதல் காதையிலேயே சொல்லியிருக்கலாம். இளங்கோ சொல்லவில்லை. கால் சிலம்பை விற்க அவன் நகருக்குள் போவதற்குச் சற்று முன்னால் சொல்கிறார். தலைவன் என்று நாம் ஒத்துக்கொள்ளும் நேரத்தில் அவனைப் பறிகொடுக்கிறோம். வகுப்பில் இந்த இடம் வரும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

ஒட்டன்சத்திரம்: சீவகனுக்கு எத்தனை மனைவி?

எட்டு. அதனால்தான் அவன் கதையான சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றும் பெயர்.

பழனி, ஆசிரியர்: நம்ம மலைத் தலைவன் பேகனின் மனைவியும் கண்ணகிதானே? இருவரும் ஒருவரா?

ஒருவர் அல்ல. பேகன், மயில் குளிரில் நடுங்குமென்று போர்வை கொடுத்தவன். மனைவியைப் பிரிந்து இருந்தான். அவளுக்காகக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் நால்வரும் பாடியவை புறநானூற்றில் 143 முதல் 147 வரை. கண்ணகி என்ற பெயர் பாட்டுக்குள் வராது. பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பில்தான் வரும். பாட்டு வேறு, குறிப்பு வேறு, இதை மறக்காதீர்கள்.

அந்த 143ஐ மட்டும் இன்று ராத்திரி படியுங்கள் சார். குறவர்கள் மழை கேட்டுப் பலியிடுகிறார்கள். மழை கொட்டித் தீர்க்கிறது. ‘போதும், மேலே போகட்டும்’ என்று மறுபடி வேண்டுகிறார்கள். விட்டதும் புனத்தினையைச் சாப்பிடுகிறார்கள். நவம்பரில் நம் மலையில் இருந்தவர்களுக்கு இதற்கு உரையே வேண்டாம். பிறகு கபிலர், ‘உன்னையும் உன் மலையையும் பாடினேன், ஒரு பெண் கண்ணீரை நிறுத்த முடியாமல் குழல் போல அழுதாளே, யார் அவள்?’ என்று பேகனிடமே கேட்கிறார். புறப்பாட்டுத் தலைவனிடம் நேருக்கு நேர் கேட்கலாம். காப்பியத் தலைவனிடம் அப்படிக் கேட்கப் புலவனுக்கு இடமில்லை.

பூம்பாறை வாசகர்: கண்ணகி கடைசியில் ஏறிய ‘நெடுவேள் குன்றம்’ நம் பழனிமலைதான் அம்மா. அகநானூறு முதல் பாட்டிலேயே ‘நெடுவேள் ஆவி’, பழனியின் பழைய பெயரான ‘பொதினி’ இரண்டும் சேர்ந்து வருகிறதே.

மாமூலனார் பாட்டைச் சரியாகப் பிடித்தீர்கள் தம்பி, சந்தோஷம். ஆனால் அங்கே நெடுவேள் ஆவி என்பது ஒரு தலைவன். சிலம்பில் நெடுவேள் முருகன். முருகனுக்குக் குன்றுகள் பல.

அதே வாசகர்: மதுரையிலிருந்து வையைக் கரையோடு போனாள் என்றும் இருக்கிறதே?

இருக்கிறது. வராக நதியும் மஞ்சளாறும் நம் மலையிலிருந்து இறங்கி வையைக்குத்தான் போகின்றன, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பழனிப் பக்கத்துச் சண்முகநதியோ வடக்கே அமராவதிக்குப் போகிறது. வையையைப் பிடித்து வந்தவள் தென்சரிவுக்கு வரலாம். பொதினிக்கு வர மாட்டாள்.

கம்பம் வாசகர்: கூடலூருக்கு மேலே மங்கலதேவி கோட்டம் என்ற கண்ணகி கோயிலே இருக்கும்போது இந்தப் பேச்சு எதற்கு? சித்ரா பௌர்ணமிக்கு வந்து பாருங்கள்.

திருச்செங்கோடு வாசகர்: எங்கள் மலை என்றும் சொல்வார்கள்.

மூவரும் உங்கள் ஊர்மேல் உள்ள பாசத்தில் பேசுகிறீர்கள், அது நல்லதுதான். ஆனால் ‘பூத்த வேங்கை மரத்தடியில் நின்றாள், 14 நாள் கழிந்தது’ என்பதுதான் நூலில் உள்ளது. ஊர்ப்பெயர் இல்லை. இல்லாததை எழுதிவைக்காதீர்கள்.

நத்தம்: கண்ணகி பழனிக்கு வந்தாளா?

மேலே படியுங்கள்.

ஆயக்குடி: பேகன் மனைவிதானே சிலப்பதிகாரக் கண்ணகி?

மேலே படியுங்கள் ஐயா. கேள்வி போடுமுன் பத்து வரி மேலே பார்ப்பது சிரமமா?

கொடைக்கானல்: தாண்டிக்குடிக் கற்திட்டைகள் எந்தக் காலம்?

தொல்லியல் படித்தவர்களிடம் கேளுங்கள். நான் பாட்டுக்காரி.

பண்ணைக்காடு, ஒன்பதாம் வகுப்பு: டீச்சர், சிலப்பதிகாரத்தை நானே படிக்க ஆசை. எங்கே ஆரம்பிக்க?

கண்ணு, 24ஆவது குன்றக் குரவையில் ஆரம்பி. தினைப்புனத்தில் குருவி ஓட்டி, கிளி விரட்டி, அருவியில் குளித்துவிட்டு வருகிற மலைச்சனங்கள் வேங்கை நிழலில் ஒருத்தியைப் பார்க்கிறார்கள். ‘வள்ளி போல்வீர், மனநடுங்க முலையிழந்து வந்து நின்றீர், யாவிரோ’ என்கிறார்கள். மதுரையே எரிந்த பிறகு அவளிடம் இத்தனை மரியாதையாக ‘நீங்கள் யார்’ என்று கேட்டவர்கள் அவர்கள். அந்த இடத்தை வாய்விட்டுப் படி. அர்த்தம் புரியாத சொல்லைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வா, சேர்ந்து பார்ப்போம்.