"பலூன் நான் கேட்டேனா?"

மதிப்பிற்குரிய மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு வயது 37. காட்பாடியில் வீடு. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசர். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம், எட்டு வருஷம் ஆகிறது. பெரிய சண்டை என்று சொல்ல எதுவும் இல்லை. குடி, சிகரெட் எதுவும் எனக்குக் கிடையாது. சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

பிரச்சினை இந்த ரீல்ஸில்தான் ஆரம்பித்தது. புருஷன் பொண்டாட்டி ஒரே கலரில் டிரஸ் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி சினிமா பார்க்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு என்ன பலகாரம் என்று கண்டுபிடிக்கிறார்கள். 'தீம் டேட்' என்று பெயராம். இதையெல்லாம் என் மனைவி இரவில் படுத்துக்கொண்டு பார்ப்பாள். ஒருநாள், "நாமளும் இப்படி ஏதாவது பண்ணலாமாங்க?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சென்னை, பெங்களூரு என்றால் சரி, நம்ம ஊரில் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்ரீபுரம் தங்கக் கோயில், இல்லாவிட்டால் ஒரு படம், வரும்போது பிரியாணி. "எங்கே போகலாம், நீயே சொல்லு" என்று ஒவ்வொரு வாரமும் அவளைத்தான் கேட்கிறேன். இப்போதெல்லாம் "ஒண்ணும் வேணாம், விடுங்க" என்கிறாள்.

சரி, ஆசைப்படுகிறாளே என்று போன மாதம் கல்யாண நாளுக்கு சர்ப்ரைஸ் கொடுத்தேன். கம்பெனியில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் ஒரு மாடி ஹோட்டலைச் சொன்னான். பலூன், மெழுகுவத்தி, கேக் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். சாயந்தரம் வீட்டுக்குப் போய் "கிளம்பு" என்றேன். அம்மாவுக்கு இட்லி ஊற்றி வைத்து, பாப்பாவின் கவுனை அயர்ன் பண்ணி, அவள் கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது. அங்கே மேஜை முழுக்க ரோஜா இதழ். தட்டு வைக்க இடமில்லாமல் சர்வர் கையாலேயே இதழ்களை ஓரம் தள்ளினார். பாப்பாவுக்குக் காரமில்லாமல் என்ன இருக்கிறது என்று அவள் விசாரித்துக்கொண்டிருந்தாள். போட்டோவுக்குச் சிரித்தாள். திரும்பும்போது க்ரீன் சர்க்கிள் தாண்டியதும் வண்டியில் பின்னால் அழுகிற மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பலூன் நான் கேட்டேனா?" என்றாள். அவ்வளவுதான், அப்புறம் பேச்சே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா, "இன்னாடா, இத்தினி வருஷம் கழிச்சு தேன்நிலவா?" என்று கிண்டல்.

எனக்கு மூன்று சந்தேகம். இது வெறும் ரீல்ஸ் மோகமா? நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் வேலூரில் என்ன செய்வது? அம்மாவையும் குழந்தையையும் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் சுற்றினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

— காட்பாடி வாசகர்

காட்பாடி வாசகருக்கு,

ரீல்ஸைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பசியோடு இருப்பவருக்குத்தான் பக்கத்து வீட்டுத் தாளிப்பு அதிகமாக மணக்கும். உங்கள் மனைவிக்கு என்ன பசி என்று பார்ப்போம்.

அன்று மாலை யார் என்ன செய்தார்கள் என்று உங்கள் கடிதத்தை வைத்தே குறித்துப் பார்த்தேன். ஹோட்டலைச் சொன்னது கம்பெனித் தம்பி. பலூனும் இதழும் ஹோட்டல்காரர் ஏற்பாடு. இட்லி, கவுன், காரமில்லாத சாப்பாடு மூன்றையும் கவனித்தது உங்கள் மனைவி. பணம் உங்களுடையது, அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏற்பாட்டில் உங்கள் மனைவிக்கென்று இருந்தது எது? மறுநாள் வந்த ஜோடிக்கும் அதே இதழ்களைத்தான் தூவியிருப்பார்கள். ஒரு மாலையாவது வேறு யாராவது தன்னை நினைத்து உட்கார்ந்து யோசிக்கமாட்டார்களா என்றுதான் அவர் ஏங்கியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

பள்ளியில் அடுத்த பாடம் என்ன, பரீட்சை என்ன என்று நாள் முழுக்க யோசிப்பவர். வீட்டுக்கு வந்தால் காலை டிபனில் இருந்து பாப்பாவின் தடுப்பூசித் தேதி வரை அவர் தலையில். இதற்கு மேல் "எங்கே போகலாம், நீயே சொல்லு" என்று நீங்கள் கேட்பது உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாகத் தெரியும். அவருக்கு அது பட்டியலில் இன்னொரு வேலை. "ஒண்ணும் வேணாம்" என்பது அந்தக் களைப்பில் வருகிற பதில்.

தீம் வைப்பதில் பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஏரனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 53 தம்பதிகள், 10 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு பிரிவினர் தங்களுக்கு இதமாக இருக்கும் பழகிய விஷயங்களைச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கமாகச் செய்யாத, கொஞ்சம் பரபரப்பு தருகிறவற்றைச் செய்தார்கள். இரண்டாவது பிரிவினருக்குத்தான் மணவாழ்வில் திருப்தி கூடியிருந்தது. 2000-இல் ஏரன் குழு செய்த சோதனை இன்னும் வேடிக்கை. கணவன் மனைவியின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, இருவர் உடம்புக்கும் நடுவில் ஒரு தலையணையைக் கொடுத்து, கையால் தொடாமல் அதைக் கீழே விடாமல் தவழ்ந்து போகச் சொன்னார்கள். ஏழு நிமிடக் கூத்து. சாதாரண வேலை செய்தவர்களைவிட இப்படி உருண்டவர்கள் தங்கள் உறவை மேலாக மதிப்பிட்டார்கள்.

தங்கக் கோயிலும் பிரியாணியும் முதல் வகை. அதில் தப்பில்லை, ஆனால் இருவருக்கும் அங்கே செய்ய எதுவும் இல்லை. பலூன் ஹோட்டலிலும் அப்படியே, உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்ததோடு சரி. நல்ல தீம் என்றால் இரண்டு பேருக்கும் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். அடுத்து என்ன ஆகும் என்று இருவருக்கும் முழுசாகத் தெரியக்கூடாது.

வேலூரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நம்மூரைப் பற்றிய பழைய கிண்டல் ஒன்றையே தீமாக வைத்துக்கொள்ளுங்களேன். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நீளும். ஆளுக்கு ஆள் பட்டியல் மாறும். இதில் எதெல்லாம் இன்றைக்கும் உண்மை என்று ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் சுற்றிச் சரிபாருங்கள். ஆளுக்கொரு பேப்பர், ஒவ்வொன்றுக்கும் 'உண்மை', 'பொய்' என்று தனித்தனியாகத் தீர்ப்பு. பிறகு ஒப்பிட்டுச் சண்டை போடலாம்.

சாமி இல்லாத கோயில் என்பது கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர். நூற்றாண்டுகளாகக் கருவறை வெறுமையாகத்தான் கிடந்தது. 1981-இல் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போ பொய். அங்கே போனால் சன்னிதியோடு திரும்பிவிடாமல் கல்யாண மண்டபத்தில் நில்லுங்கள். யாளியும் குதிரையும் பாயும் தூண்களில் தனக்குப் பிடித்த ஒன்றை உங்கள் மனைவி மனதுக்குள் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு வருஷத்தில் அவர் ரசனை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ராஜா இல்லாத கோட்டை என்பதில் வாக்குவாதத்துக்கு நல்ல இடம் உண்டு. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை ஆங்கிலேயர் பிடித்துவந்து இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவர் சமாதி இருக்கிறது. ராஜா இருந்தார், ஆனால் கைதியாக. இதற்கு என்ன தீர்ப்பு எழுதுவீர்கள்? முத்து மண்டபம் வரை போனால் ஆற்றையும் பார்த்துவிடலாம். பெரும்பாலான நாள் மணல்தான். ஆனால் 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதை நீங்கள் இருவரும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு யார் எங்கே நின்று பார்த்தோம் என்று பேச ஆரம்பித்தாலே அரை மணி நேரம் ஓடும். மரம் இல்லாத மலை கோட்டையில் இருந்தே தெரியும். பட்டியலில் 'அழகில்லாத பெண்கள்' என்றும் சிலர் சேர்ப்பார்கள். அதற்கு என்ன தீர்ப்பு எழுதுவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு நாளைக்கு ஏலகிரி. ஏறும் வழியில் உள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரதியார், கபிலர் மாதிரிப் புலவர் பெயர் வந்தால், உங்கள் மனைவி இதுவரை உங்களிடம் சொல்லாத ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். பாரி மாதிரி வள்ளல் பெயர் வந்தால், நீங்கள் ஒன்று கொடுக்க வேண்டும். தேரெல்லாம் வேண்டாம். 'வியாழக்கிழமை காலை டிபன் என் பொறுப்பு' என்பது போல, சொன்னால் செய்து காட்டக்கூடியதாக இருக்கட்டும். வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஓட்டிக்கொண்டே பேசுங்கள்.

இரண்டு பேரும் கொஞ்சம் வெளியூர் போகத் தயார் என்றால் ஜவ்வாது மலையில் காவலூர். ஆலங்காயம் வழியாகப் போகலாம். வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 1986 முதல் இயங்கும் பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், விசாரித்துக்கொண்டு போங்கள். மழைக்காலம் வேண்டாம், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஸ்வெட்டரை நீங்களே ஞாபகமாக எடுத்து வையுங்கள். அவர் ஞாபகப்படுத்தும்படி விடாதீர்கள்.

அதிகம் பணம் செலவழிக்காத வாரத்துக்கு நேதாஜி மார்க்கெட். ஆளுக்கு நூறு ரூபாய், அரை மணி நேரம், தனித்தனியாகப் பிரிந்து போய் மற்றவர் சின்ன வயதில் ஆசைப்பட்ட ஏதோ ஒன்றை வாங்கி வர வேண்டும். என்ன ஆசைப்பட்டார் என்று தெரியாவிட்டால் போன வாரமே அவர் அண்ணனிடமோ அம்மாவிடமோ கேட்டு வைத்திருக்க வேண்டும். அந்த போன் காலுக்குத்தான் மதிப்பு.

பெண் பார்க்கப் போன நாளைத் திரும்ப நடத்துவதையும் சிலருக்குச் சொல்வேன். அன்று பெரியவர்கள் முன்னால் கேட்க முடியாததை இப்போது கேட்கலாம். உங்கள் வீட்டில் இது எடுபடுமா தெரியவில்லை, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி அம்மா விஷயம். அவர் கிண்டலை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். அவர் காலத்தில் இப்படி யாரும் அவரை அழைத்துப் போயிருக்கமாட்டார்கள் என்பதும் அதில் கொஞ்சம் இருக்கலாம். "சாயந்தரம் வரைக்கும் பாப்பாவைப் பாத்துக்கோம்மா, நாங்க வெளியே போயிட்டு வரோம்" என்று நீங்களே, முந்தின நாளே, நேராகச் சொல்லுங்கள். மனைவியைச் சொல்லவிட்டால் அது மாமியார் மருமகள் கதையாகிவிடும். அன்றைய இட்லியையும் நீங்களே ஊற்றி வையுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மாவையும் சேர்த்து எங்காவது போங்கள், அது தனிக் கணக்கு. குழந்தையைப் பாட்டியிடம் அரை நாள் விட்டுவிட்டுப் போவது குற்றமில்லை.

பார்க்கிறவர்கள்? கோட்டைப் பூங்காவில் ஜோடியாக உட்கார்ந்தால் நம்மூரில் தாலியைத் தேடிப் பார்க்கிற கண்கள் இருக்கத்தான் செய்யும். எட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் அதற்குக் கூச வேண்டியதில்லை.

முதல் மூன்று நான்கு தடவை முழு ஏற்பாடும் உங்களுடையதாக இருக்கட்டும், அப்புறம் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். கம்பெனித் தம்பியிடம் யோசனை கேட்காதீர்கள். திரும்பி வரும்போது "நல்லா இருந்துச்சா?" என்று துளைக்காதீர்கள். ஒரு தடவை சொதப்பினால் சொதப்பட்டும், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததையும் பிறகு சொல்லிச் சிரிக்கலாம்.

அவர் அழுதது அன்று மட்டும்தானா என்பதையும் கவனியுங்கள். தூக்கம் குறைந்திருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, அடிக்கடி கண் கலங்குகிறார் என்றால் அது தீம் வைத்துத் தீர்கிற விஷயமில்லை. இருவருமாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

முதல் தடவை கோட்டையில் இருந்தே தொடங்குங்கள். நம்மூர் வெயில் தெரிந்ததுதானே, காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருந்தால் பத்து மணிக்குள் மூன்று தீர்ப்பாவது எழுதிவிடலாம். பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.