முதல் ஆர்.சி. விமானம்: எதை வாங்குவது, எதற்குக் காத்திருப்பது

கேள்வி: எனக்கு 41 வயது. நானும் 12 வயது மகளும் சேர்ந்து ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள நினைக்கிறோம். ஒரு ஸ்பிட்ஃபயர் மாடல் மனதைப் பறித்துவிட்டது. 3 சேனலா 4 சேனலா, எந்த ரிமோட், எந்த பேட்டரி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கைரோ என்ற சமநிலைக் கருவி இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஸ்பிட்ஃபயரை முதலில் பேசித் தீர்த்துவிடுவோம். அந்த ஆசை எனக்கும் வந்தது. நான் முதலில் வாங்கியது ஒரு மஸ்டாங் மாடல். கையிலிருந்து விட்டதும் இடப்பக்கம் சாய்ந்தது. ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன், இன்னும் சாய்ந்தது. முழுக்கத் தள்ளினேன், முழுக்கக் கவிழ்ந்தது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. எய்லரான், அதாவது விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு, தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்ததை, சிதறிய துண்டுகளை வீட்டு மேசையில் பரப்பி பேட்டரியை மாட்டிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். ஆனால் ஒன்று, எய்லரான் சரியாக இருந்திருந்தாலும் அது அடுத்த நிமிடத்தில் விழுந்திருக்கும்.

ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போன்ற போர் விமான மாடல்களுக்கு எடை அதிகம், இறக்கை நுனி குறுகல். வேகம் குறைந்தால் ஒரு பக்க நுனி சட்டென்று தூக்குவிசையை இழந்து, அந்தப் பக்கமாகவே கவிழும். அதனால் வேகமாகவே ஓட்டியாக வேண்டும். புதிதாகக் கற்பவர் விமானம் சாய்வதைப் பார்த்து, எந்தப் பக்கம் திருத்துவது என்று யோசித்து, விரலை அசைக்க இரண்டு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்த இரண்டு விநாடியில் விமானம் போகும் தூரம் சுமார் 17 மீட்டர். 70 கி.மீ. வேகத்தில் 39 மீட்டர். டிரெய்னர் என்கிற பயிற்சி விமானத்தை வாங்கும்போது நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த நிதானத்தைத்தான். ஸ்பிட்ஃபயர் மூன்றாவது விமானமாக இருக்கட்டும்.

சரி, டிரெய்னர் என்றால் எப்படி இருக்கும்? இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் நுனியை நோக்கிச் சற்றே மேலேறியிருக்கும். இதற்கு டைஹெட்ரல் என்று பெயர். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது, தாழ்ந்த பக்க இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் மோதி அதைத் தூக்கிவிடும். குச்சியை விட்டுவிட்டால் தானாக நிமிரப் பார்க்கும். உடல் ஊஞ்சல் போலக் கீழே தொங்குவதால்தான் நிமிர்கிறது என்று மைதானத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், பெரும்பங்கு வேலையைச் செய்வது அந்த டைஹெட்ரல். இறக்கையின் குறுக்குவெட்டு தடிப்பாக, அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டையாக இருக்க வேண்டும். மெதுவாகப் போகும்போதும் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

இறக்கை நீளம் நுனிக்கு நுனி 1.1 முதல் 1.5 மீட்டர் வரை இருக்கட்டும். உள்ளங்கை அளவு விமானத்தை லேசான காற்றே உருட்டிவிடும். கொஞ்ச தூரம் போனால் அது வருகிறதா போகிறதா என்றே தெரியாது. உதாரணம் கேட்டால், ஹாபிசோன் ஏரோஸ்கவுட் 1.1 மீட்டர், இ-ஃப்ளைட் அப்ரென்டிஸ் 1.5 மீட்டர். ஏரோஸ்கவுட்டில் மோட்டார் இறக்கைக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு குத்தி விழுந்தாலும் மோட்டாரும் புரொப்பெல்லரும் பெரும்பாலும் தப்பிவிடும். உங்களுக்கு என் ஓட்டு அந்த வகைக்குத்தான்.

பால்சா மரத்தில் கட்டிய விமானம் அழகுதான். ஆனால் ஒரு விழுகைக்கு இரண்டு வார இறுதிகளைத் தின்னும். இபிஓ என்கிற நுரையில் வார்த்த விமானத்தை மைதானத்திலேயே ஒட்டி அன்றைக்கே மறுபடி பறக்கவிடலாம். சாதாரண சூப்பர் குளூவே அதற்குப் போதும். அதே பசையை வெள்ளைத் தெர்மோகோலில் தடவினால் நுரை கரைந்து குழியாகிவிடும், எனவே உங்கள் விமானம் எந்த நுரை என்று தெரிந்துகொண்டு ஒட்டுங்கள்.

சேனல் என்பது ரிமோட்டால் தனியாகக் கட்டுப்படுத்தும் ஒரு செயல். 3 சேனல் என்றால் திராட்டில் (மோட்டார் வேகம்), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு), ரட்டர் (மூக்கை இட வலமாகத் திருப்பும் வால் தகடு). 4 சேனலில் எய்லரானும் சேரும். 3 சேனலில் தொடங்குவது தவறில்லை, ஆனால் சீக்கிரமே அலுத்துவிடும். சிமுலேட்டரில் பழகிவிட்டு வருவதாக இருந்தால் நேராக 4 சேனலுக்கே போங்கள்.

பணத்தைத் தாராளமாக இறக்க வேண்டிய இடம் டிரான்ஸ்மிட்டர், அதாவது நீங்கள் கேட்ட ரிமோட். விமானம் உடையும், மாறும், அலுக்கும். நல்ல டிரான்ஸ்மிட்டர் பத்து ஆண்டுகள் கையில் நிற்கும். 6 சேனலாவது இருக்கட்டும். பல விமானங்களின் அமைப்புகளைத் தனித்தனியாகச் சேமிக்கும் வசதி, கணினி சிமுலேட்டரோடு இணைக்கும் வசதி, இன்னொரு டிரான்ஸ்மிட்டரோடு இணைத்துப் பயிற்சி தரும் வசதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது உங்கள் மகளுக்காக.

யாராவது 35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் பழைய செட்டைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் யாருடைய விமானமாவது கீழே வரும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளில் அந்தத் தலைவலி இல்லை, ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரின் பேச்சை மட்டுமே கேட்கும். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் அந்தப் பேச்சு வேறு. விமானத்தோடு வரும் ரிசீவரும் நீங்கள் வாங்கும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே புரோட்டோக்காலா என்று கேட்காமல் காசை எடுக்காதீர்கள்.

அப்புறம் மோட் என்று ஒன்று உண்டு. மோட் 2 என்றால் திராட்டிலும் ரட்டரும் இடக் கையில், எலிவேட்டரும் எய்லரானும் வலக் கையில். மோட் 1 என்றால் திராட்டிலும் எலிவேட்டரும் கை மாறியிருக்கும். எது உயர்ந்தது என்ற சண்டைக்கு முடிவே இல்லை. உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எந்த மோடில் ஓட்டுகிறாரோ அதையே வாங்குங்கள். விரல்கள் ஒரு முறை பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பேட்டரிக்கு வருவோம். இந்த அளவு விமானங்களுக்கு 3எஸ் 2200 எம்ஏஎச் லைப்போ பரவலாகப் பயன்படுவது. 3எஸ் என்றால் மூன்று செல்கள் வரிசையாக. ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.7, மூன்றுக்கும் சேர்த்து 11.1. முழுதாக ஏறினால் செல்லுக்கு 4.2, அதாவது மொத்தம் 12.6 வோல்ட். மேலே எழுதியிருக்கும் 25சி என்பது கொள்ளளவைப் போல 25 மடங்கு மின்னோட்டம் தரும் என்று நிறுவனம் சொல்லும் கணக்கு. 2200 எம்ஏஎச் கொள்ளளவு என்பது 2.2 ஆம்பியர்-மணி, அந்த 2.2ஐ 25ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர். உங்கள் விமானம் முழு திராட்டிலில்கூட 20, 25 ஆம்பியருக்கு மேல் கேட்காது. எனவே அதிக சி என்று விலை கூட்டி விற்பதற்கு மயங்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் பறக்கும்? பேட்டரியில் 80 சதவீதத்தை மட்டும் செலவு செய்யலாம், அதாவது 1760 எம்ஏஎச். சராசரியாக 11 ஆம்பியர் இழுத்தால் ஒன்பதரை நிமிடம் வரும். டிரான்ஸ்மிட்டரில் அலாரத்தை 6 நிமிடத்துக்கு வையுங்கள். முதல் முறை இறக்கம் சரியாக அமையாது, மேலேறி இன்னொரு சுற்று வர வேண்டியிருக்கும். அதற்கான மிச்சம் அது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுவிடும்.

எல்லா செல்களையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். 2200 பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் வைத்தால் போதும், அவசரப்படாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. உப்பிப்போன பேட்டரிக்கு இரண்டாவது வாய்ப்பே கிடையாது. நாலைந்து நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். முழு சார்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரி பறக்காமலேயே கிழடாகிவிடும். மூன்று பேட்டரி வாங்குங்கள். ஒன்றே ஒன்று என்றால் மைதானத்தில் காத்திருந்தே பொழுது போய்விடும்.

கைரோ பற்றிக் கேட்டீர்கள். உண்மை பாதிதான். தானாகச் சமநிலைக்குத் திரும்பும் கைரோ, குழம்பிப்போய் குச்சியை விட்டதும் விமானத்தை நிமிர்த்திவிடும். முதல் சில பறத்தல்களில் அது விமானத்தைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் விமானம் காற்றோடு தூரமாகப் போவதை அது பொதுவாகத் தடுக்காது. வேகம் செத்துப்போன விமானத்தைத் தாங்கிப் பிடிக்காது. உங்களுக்குப் பதிலாக இறக்கித் தரவும் செய்யாது. சுவிட்சால் அணைக்கக்கூடிய கைரோவாக வாங்குங்கள். நல்ல உயரத்தில் இருக்கும்போது அணைத்து, ஒரு சுற்று ஓட்டி, மறுபடி போடுங்கள். நாளாக ஆக அணைத்து வைக்கும் நேரம் கூடட்டும்.

இனி என் மஸ்டாங்கைக் கொன்ற விஷயம். பறக்கவிடும் முன் விமானத்தின் பின்னால், அது பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். எய்லரான் குச்சியை வலப்பக்கம் தள்ளுங்கள். வலப்பக்க எய்லரான் மேலேறி, இடப்பக்கத்தது கீழிறங்க வேண்டும். குச்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மேலே, இவ்வளவுதான் நினைவில் வைக்க வேண்டியது. எலிவேட்டர் குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் வாலில் உள்ள தகடு மேலேற வேண்டும். கைரோவுக்கும் தனிச் சோதனை உண்டு. அதைப் போட்டுவிட்டு, குச்சியைத் தொடாமல் விமானத்தைக் கையால் வலப்பக்கம் சாய்த்தால், வலப்பக்க எய்லரான் கீழிறங்கி எதிர்க்க வேண்டும். மேலேறினால் கைரோவே விமானத்தைக் கவிழ்த்துவிடும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், ஒவ்வொரு நாளும் முதல் பறத்தலுக்கு முன் செய்யுங்கள். வீட்டுக்குள் சோதிப்பதாக இருந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். அது விரலைப் பார்த்துச் சுற்றுவதில்லை.

அடுத்து ஈர்ப்பு மையம். கையேட்டில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று கொடுத்திருப்பார்கள். பெரும்பாலான டிரெய்னர்களில் அது இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் வரும். அகலம் 200 மி.மீ. என்றால் 50 முதல் 66 மி.மீ. பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கைக்கு அடியில் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் விரல் நுனியால் தாங்கிப் பாருங்கள். விமானம் மட்டமாகவோ, மூக்கு ஒரு நூல் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். வால் கனத்த விமானத்தை அனுபவசாலிகளே கஷ்டப்பட்டுத்தான் இறக்குவார்கள்.

விமானம் வந்து சேருவதற்குள் சிமுலேட்டரில் பத்து மணி நேரமாவது உட்காருங்கள். உங்கள் டிரான்ஸ்மிட்டரையே கணினியில் மாட்டிப் பழகுங்கள், விசைப்பலகையில் ஓட்டிப் பயனில்லை. எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான். விமானம் நம்மை நோக்கி வரும்போது வலமும் இடமும் மாறிவிடும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், சரியும் இறக்கைக்கு முட்டுக்கொடுப்பது போல. இது யோசிக்காமல் வரும் வரை சிமுலேட்டரை விட்டு எழாதீர்கள்.

மரமும் மின்கம்பியும் இல்லாத திறந்தவெளி, காலை நேரம், புல் நுனி மட்டும் அசையும் காற்று. இந்த மூன்றும் அமையாத நாளில் பேட்டரியை மாட்டவே வேண்டாம். உங்கள் பகுதியில் எங்கே, எவ்வளவு உயரம் வரை அனுமதி, பதிவு தேவையா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். அருகில் மாடல் விமானக் கழகம் இருந்தால் ஒரு நாள் வெறும் கையோடு போய் வேடிக்கை பாருங்கள். அங்கே ஒருவர் தன் டிரான்ஸ்மிட்டரை உங்களுடையதோடு இணைத்துச் சொல்லித்தர முன்வந்தால், மகளை முதலில் நிற்க வையுங்கள். அவள் தடுமாறினால் அவர் சுவிட்சை விட்டதும் கட்டுப்பாடு அவர் கைக்குப் போய்விடும், விமானம் தப்பும். சிறு வயதினர் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன், எனவே அடுத்த மாதமே அவள் உங்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கூடுதல் புரொப்பெல்லர் நாலு வாங்கி வையுங்கள், அது உங்களுக்கு.