படம் எப்படி இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கேமராவைப் பற்றி வந்த கேள்விகளைவிட, போட்ட படத்துக்கு வரும் கருத்துகளைப் பற்றிய கேள்விகளே அதிகம். அவற்றுக்கே முழுப் பக்கத்தையும் ஒதுக்கிவிட்டோம்.

ஃபேஸ்புக் குழுவிலும் ஃப்ளிக்கர் என்ற புகைப்படத் தளத்திலும் படம் போடுகிறேன். ‘செம’, ‘சூப்பர் ப்ரோ’, நாலு கைதட்டல், அவ்வளவுதான். ‘குறை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டாலும் யாரும் சொல்வதில்லை. – வாசகர், கரூர்

நீங்கள் கேட்பது அத்தனை பொதுவான கேள்வி. எதைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாதவர் ஒன்று கைதட்டுவார், இல்லை கண்ணில் பட்ட முதல் குறையைச் சொல்லிவிட்டுப் போவார். கேள்வியைக் குறுக்குங்கள்.

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடிகாலையில் மல்லிகை கட்டும் பாட்டியை எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்பதை விட்டுவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘பாட்டியின் விரல்கள்தான் முதலில் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். பின்னால் எரியும் பல்பு கண்ணை இழுக்கிறதா? 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, 1/60 நொடி, ஐஎஸ்ஓ 3200, கையில் பிடித்து எடுத்தது. இடப்பக்கம் பூ மூட்டை இருந்ததால் நகர முடியவில்லை.’

நடுவில் உள்ள எண்கள் லென்ஸ், அதன் திறப்பு (எஃப்), ஷட்டர் திறந்திருந்த நேரம், ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ). இதில் மிக முக்கியமானது கடைசி வரி. அது இல்லாவிட்டால் பத்தில் ஐந்து பேர் ‘கொஞ்சம் இடது பக்கம் போய் எடுத்திருக்கலாம்’ என்பார்கள். அது இருந்தால், ‘குத்த வைத்து எடுத்தால் பல்பு அவர் தலைக்குப் பின்னால் மறைந்துவிடும்’, ‘மேலே கொஞ்சம் க்ராப் செய்தால் போதும், பல்பு போய்விடும்’ என்று வேலைக்கு ஆகிற பதில் வரும்.

ஒரு நேரத்தில் ஒரே படம் போடுங்கள். பத்துப் படங்களை அள்ளிப் போட்டால் ‘மூணாவது சூப்பர்’ என்பதற்கு மேல் எதுவும் வராது. லைக் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு உங்கள் படம் அரை நொடிதான் தெரியும். பெரிய முகமும் பளிச் நிறமும் அதில் ஜெயிக்கும். வயல்வெளியில் கடுகளவு தெரியும் மனிதன் தோற்பான்.

என் மகனின் சிலம்பப் படத்துக்கு ‘ஷார்ப்பா இல்லை’ என்றார்கள். ஒருவர் ட்ரைபாட் வாங்கச் சொல்கிறார், ஒருவர் லென்ஸை மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி, திண்டுக்கல்

இப்போதைக்கு இரண்டு பேரையும் கேட்காதீர்கள். ‘ஷார்ப்பா இல்லை’ என்பது காய்ச்சல் மாதிரி. நோய் எது என்று அது சொல்லாது. படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பாருங்கள்.

பின்னால் இருக்கும் சுவரும் மரமும் தெளிவாக இருந்து, பையனின் கையும் கம்பும் மட்டும் இழுபட்டிருந்தால் அது அசைவு. ட்ரைபாட் வாங்கினாலும் மாறாது, ஷட்டர் வேகம்தான் போதவில்லை. ஓடும் பிள்ளைக்கு 1/500 வேண்டும். சுழலும் கம்புக்கு 1/1000-க்கு மேல் போனாலும் நுனி கொஞ்சம் இழுபடத்தான் செய்யும். அந்த இழுப்பு அழகாகவே இருக்கும், விட்டுவிடுங்கள்.

படத்தில் இருக்கும் எல்லாமே, சின்ன விளக்குப் புள்ளிகள்கூட, ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் உங்கள் கை நடுங்கியிருக்கிறது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் லென்ஸின் குவியத் தூரத்துக்கு, அதாவது அதன் மி.மீ. எண்ணுக்கு, குறையக் கூடாது என்பது பழைய கணக்கு: 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50. உங்கள் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு சென்சார் என்றால் அதை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 200 மி.மீ. லென்ஸுக்கு 1/300, கேமராவில் அடுத்து இருக்கும் 1/320.

பையன் மங்கலாக இருக்க, அவனுக்கு ஒரு சாண் பின்னால் இருக்கும் மண்தரை மணி மணியாகத் தெரிகிறதா? ஃபோகஸ் தப்பியிருக்கிறது. அதே ஏபிஎஸ்-சி சென்சாரில், 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து 1.2 மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 4 செ.மீ.தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும். திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்கு வந்தால் அது சுமார் 9 செ.மீ. ஆகும்.

எதுவுமே தெளிவாக இல்லை, விளக்கைச் சுற்றிப் பால் வட்டம் தெரிகிறது என்றால் லென்ஸில் விரல் ரேகை இருக்கும். கைபேசிப் படங்களில் இது சகஜம். ஏசி அறையிலிருந்து சென்னை வெயிலுக்கு வந்தவுடன் எடுத்த படமும் இப்படித்தான் ஆகும், லென்ஸ் வேர்த்திருக்கும். துடைத்தால் திரும்பவும் படியும். கேமராவை மூடிய பைக்குள்ளேயே இருபது நிமிடம் விட்டு, வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகு எடுங்கள்.

அடுத்த முறை இப்படிக் கருத்து வந்தால், ‘எங்கே ஷார்ப்பாக இல்லை?’ என்று திருப்பிக் கேளுங்கள். பார்த்துச் சொன்னவர் இடத்தைச் சொல்வார்.

ஒரே படத்துக்கு ஒருவர் ‘ரொம்ப இருட்டு’ என்கிறார், இன்னொருவர் ‘மஞ்சளடிக்குது’ என்கிறார். எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது. – வாசகர், ஓசூர்

மூன்று பேரும் பார்ப்பது மூன்று திரை. இரவில் வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்து எடிட் செய்தால் படம் உங்களுக்குப் பளிச்சென்று தெரியும், மற்றவருக்கு இருட்டாகத் தெரியும். திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்து, ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். எல்லாம் இடப்பக்கமே குவிந்து வலப்பாதி காலியாக இருந்தால் இருட்டு என்றவர் சொன்னது பெரும்பாலும் சரி. மஞ்சள் என்றவரிடம் கைபேசியில் கண்-பாதுகாப்பு வடிகட்டியை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

படம் வெளுத்துத் தெரிகிறது என்றார்களானால், அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமித்திருப்பீர்கள். இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, நீள்பக்கம் 2048 பிக்சலில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த விவரங்களும் அழிந்துவிடும். கருத்துக் கேட்க ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஆனால் ஜிபிஎஸ் இருப்பிடமும் கூடவே போகும், வீட்டில் எடுத்த படமென்றால் முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

கோபுரத்தை நட்ட நடுவில் வைத்து எடுத்தேன். ‘ரூல் ஆஃப் தேர்ட்ஸ் தெரியாதா?’ என்று ஒருவர் பாடம் எடுத்துவிட்டார். – வாசகர், கும்பகோணம்

படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வை என்பதுதான் அந்த விதி. அதை 1797-இல் அச்சில் ஏற்றியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர். இயற்கைக் காட்சி ஓவியத்தில் வானம் எவ்வளவு, நிலம் எவ்வளவு என்பதற்கான யோசனை அது. கோபுரமும் கோலமும் நடுவில்தான் நன்றாக இருக்கும். உங்கள் படத்தில் கேட்க வேண்டியது வேறு: நடு என்றால் நடுவாகவே இருக்கிறதா? இரு பக்கச் சுவர்களும் ஒரே அளவில் தெரிகின்றனவா? ஓரடி தள்ளி நின்றிருந்தாலும் ‘ஏதோ இடிக்கிறது’ என்று தோன்றும். அதைத்தான் அவர் விதியின் பெயரில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

விதிப் பட்டியலை வைத்துக்கொண்டு படம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006-இல் ஃப்ளிக்கரில் நடந்ததே சாட்சி. படங்களுக்கு ‘வைத்துக்கொள்ளலாமா, அழிக்கலாமா’ என்று வாக்களிக்கும் ‘டெலீட் மீ’ என்ற குழுவில், புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பிரான்ஸின் இயேர் நகரில் எடுத்த படத்தை, யார் எடுத்தது என்று சொல்லாமல் ஒருவர் போட்டார். வளைந்திறங்கும் படிக்கட்டு, கீழே தெருவில் கலங்கலாகக் கடக்கும் சைக்கிள்காரர். தெளிவில்லை என்று சொல்லி ‘அழிக்கலாம்’ என்றே வாக்களித்தார்கள். படிக்கட்டு அசையாமல் நிற்க சைக்கிள் மட்டும் கலங்கியிருப்பதுதான் அந்தப் படத்தின் உயிரே. அதற்காக ‘என் படமும் அந்த மாதிரிதான்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

மற்றவர் படத்துக்கு நான் கருத்து எழுதினால் சண்டையாகிறது. – வாசகர், திருநெல்வேலி

‘பேக்ரவுண்ட் மோசம், கம்போசிஷன் வீக்’ என்று எழுதியிருப்பீர்கள். அதையே ‘மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு நாற்காலிக்கு என் கண் திரும்பத் திரும்பப் போகிறது. அரையடி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் அவரே அதை மறைத்திருப்பார்’ என்று எழுதிப் பாருங்கள். கண்ணில் பட்டது, ஏன் பட்டது, என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. அடுத்த கல்யாணத்தில் செய்ய முடிகிறதைச் சொல்லுங்கள். ‘பெரிய சென்சார் உள்ள ஃபுல்ஃப்ரேம் கேமரா வாங்குங்க’ என்பது கருத்தில் சேராது. முதல் படம் போட்டவருக்கு ஒரு குறை போதும். மற்றதைக் கேட்டால் சொல்லலாம்.

கேட்காமலே என் படத்தை எடிட் செய்து போடுகிறார்கள். – வாசகி, நாகர்கோவில்

போடும்போதே ‘எடிட் செய்து காட்ட வேண்டாம்’ என்று ஒரு வரி சேருங்கள். அனுமதிப்பதாக இருந்தால், எதை எவ்வளவு மாற்றினார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஷேடோ (நிழல் பகுதி) +30, ஹைலைட் (வெளிச்சப் பகுதி) -40’ என்று தெரிந்தால்தான் உங்கள் ரா ஃபைலில், அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பில், நீங்களே செய்து பார்க்க முடியும். அவர் கையில் இருப்பது சுருங்கிய ஜேபெக். அதில் வானம் பட்டை பட்டையாக உடைந்தால் அது உங்கள் கேமராவின் குறை அல்ல.