கேசரி வாசம் வந்தாலே செருப்பை மாட்டிக்கொள்கிறான்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 27 வயது. திருச்சி பக்கம் ஒரு சிற்றூரில் ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பிக்கு 22 வயது. டவுன் சிண்ட்ரோம். கைக்குழந்தையாக இருந்தபோதே இதயத்தில் ஓட்டை அடைக்க ஆபரேஷன் நடந்தது. அதன்பின் நன்றாகவே வளர்ந்தான். 18 வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனான், இப்போது வீட்டில்தான் இருக்கிறான். துணி மடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. சட்டைக் காலர் நேராக வரும் வரை விடமாட்டான்.

இரண்டு வருடமாக எனக்கு வரன் பார்க்கிறார்கள். "நிச்சயம் முடிகிற வரைக்கும் பையனைப் பத்தி வாயைத் திறக்காதீங்க" என்று தரகர் சொல்லிவிட்டார். அதனால் பெண் பார்க்க வரும் நாளில் அம்மா தம்பியைப் பின்தெரு அத்தை வீட்டில் விட்டுவிடுவார். நான்கு முறை இப்படி நடந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்காகத்தான் அம்மா கேசரி கிண்டினார். நெய் வாசம் வந்ததும் தம்பி எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் போய் நின்றான். அவனை யாரும் போகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

சில மாதங்களாக அவன் மந்தமாக இருக்கிறான். பகலில் தூங்குகிறான், எடை கூடிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது. கண்ணாடி முன் நின்று தனியாகப் பேசுகிறான். டாக்டர் ஒருவர், "இந்தப் பிள்ளைகளுக்கு வயசாக ஆக இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம், எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் இது வருமா? இப்படிக் கேட்பதே அவனுக்குச் செய்யும் துரோகம் போல இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத அக்கா

அன்புச் சகோதரிக்கு,

முதலில் தம்பியின் உடம்பைப் பார்ப்போம். கல்யாணப் பேச்சு ஒரு மாதம் காத்திருக்கட்டும்.

22 வயதில் "வயசாக ஆக" என்பதை நான் ஏற்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் 40 வயதைத் தாண்டிய பிறகு வரும் கவலை. பகல் தூக்கம், எடை, மந்தம் மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தைராய்டு. இவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். அதனால்தான் வருடம் ஒருமுறை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். குறைவு இருந்தால் தினசரி மாத்திரையில் சரிசெய்துவிடலாம். இத்தனை நாள் பார்க்காமல் விட்டிருந்தால் இந்த வாரமே பாருங்கள். காதையும் காட்டுங்கள். இவர்களுக்குக் காதுத் துவாரம் குறுகலாக இருப்பதால் அழுக்கு அடைத்துக்கொள்ளும். காது சரியாகக் கேட்காததாலும் பேச்சு குறையலாம். இரண்டு இரவு பக்கத்தில் படுத்துக் கவனியுங்கள். பலமாகக் குறட்டை விடுகிறானா, மூச்சு நின்று நின்று வருகிறதா? தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால் மறுநாள் பகலெல்லாம் தூக்கம் கண்ணைச் சுற்றும். இதய மருத்துவரைப் பார்த்தும் பல வருடம் ஆகியிருந்தால் எக்கோ என்னும் இதய ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள்.

கண்ணாடி முன் பேசுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இவர்களில் பலர் அன்று நடந்ததை வாய்விட்டு அசைபோடுவார்கள். அதில் புதிதாகப் பயமோ கோபமோ தெரிந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள்.

உடம்பில் குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இது மனச்சோர்வாகவும் இருக்கலாம். பள்ளி முடிந்து நான்கு வருடமாக அவனுக்கு நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லை. அதற்கு மேல், நான்கு முறை வெளியே அனுப்பப்பட்டிருக்கிறான். இவர்களில் பெரும்பாலோர் வாயால் சொல்வதைவிட மனதில் புரிந்துகொள்வது அதிகம். கேசரி, விருந்தாளி, அத்தை வீடு என்று அவனே கோத்துப் பார்த்துவிட்டான். அம்மாவைக் கோபிக்காதீர்கள். 22 வருடமாக ஊர் அவரிடம் என்னென்ன கேட்டிருக்கும்!

உங்கள் கேள்வியில் துரோகம் ஒன்றும் இல்லை. நம் செல்களில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. தம்பிக்கு 21-ஆவது ஜோடியில் மூன்றாவதாக ஒன்று கூடியிருக்கிறது. நூற்றில் சுமார் 95 பேருக்கு இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நடப்பது. கிரகணத்தில் வெளியே போனதாலோ பாவத்தாலோ வருவதல்ல. அந்த வகையென்றால் உங்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் உள்ளதுதான். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் கூடுதல் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அதில் சில குடும்பங்களில் பெற்றோரிடமிருந்து வந்திருக்கும், அக்கா தங்கைக்கும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அவனுடைய பழைய ஃபைலில் கேரியோடைப், அதாவது குரோமோசோம்களைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டைத் தேடுங்கள். 47, எக்ஸ்.ஒய்., +21 என்று இருந்தால் முதல் வகை. ஒட்டிய வகை என்றாலோ ரிப்போர்ட்டே கிடைக்கவில்லை என்றாலோ, மரபியல் மருத்துவரிடம் நீங்களே அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

தரகர் சொன்னதைக் கேட்காதீர்கள். ஜாதகம் கொடுக்கும்போதே தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். சில வரன்கள் தட்டிப்போகும்தான். ஆனால் நிச்சயத்துக்குப் பிறகு தெரிந்தால் "மறைத்தார்கள்" என்ற பேச்சு வாழ்நாள் முழுக்க உங்களைத் துரத்தும், அங்கேயும் தம்பிதான் குற்றவாளி ஆவான். "அப்பா அம்மாவுக்குப் பிறகு யார் பார்ப்பது?" என்று கேட்பார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அப்பாவோடு போய் இப்போதே விசாரியுங்கள். அவனுக்கேற்ற தொழிற்பயிற்சி எங்கே இருக்கிறது என்றும் அங்கேயே கேளுங்கள். இவ்வளவு நேர்த்தியாகத் துணி மடிக்கும் கை சும்மா இருக்கக் கூடாது.

தம்பியிடம் நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்: "இனி நீ அத்தை வீட்டுக்குப் போக வேண்டாம். என் பக்கத்தில் உட்காரு." அப்புறம், விருந்தாளி யாரும் வராத ஒரு நாளில் அம்மாவை மறுபடி கேசரி கிண்டச் சொல்லுங்கள். முந்திரியை அவன் கையில் கொடுங்கள். அவன் செருப்பை மாட்டினால், கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு தடவையில் மறக்கமாட்டான், இன்னும் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை ஆகலாம்.

டி.எஸ்.எச். முடிவு வந்ததும் எழுதுங்கள்.