தட்டும் ஊசியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் இசைத்தட்டு ரசிகர் குழுவில் மூத்த அங்கிள் ஒருவர், பழைய தட்டுகளை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கச் சொல்கிறார். இன்னொருவர், "தட்டு பாழாகிவிடும்" என்று எல்லார் முன்னாலும் மறுத்தார். இப்போது இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. யார் சொல்வது சரி?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இருவரும் வேறு வேறு தட்டை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு, வினைல் என்ற பிளாஸ்டிக். நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீருக்கு ஒரு பங்கு ஆல்கஹால் கலந்து துடைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 தட்டு பெரும்பாலும் அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஊசி ஓடும் பள்ளத்தின் சுவர் ஒருமுறை கரைந்துவிட்டால் பளபளப்பு போய் இரைச்சல் கூடும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

கனமாக, வளையாமல், நகத்தால் தட்டினால் ஓட்டுச் சில்லு போல ஒலித்தால் அது அரக்கு. வினைலில் வந்த 78-களும் உண்டு என்பதால் வேகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் ஆல்கஹாலே வேண்டாம்.

அரக்குத் தட்டுக்கு: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நிறமும் மணமும் இல்லாத பாத்திர சோப்பு இரண்டு மூன்று சொட்டு. மென்மையான தூரிகையைப் பள்ளம் ஓடும் திசையிலேயே ஓட்டுங்கள். லேபிள் நனையக் கூடாது. வெறும் காய்ச்சி வடித்த நீரால் கழுவி உடனே ஒற்றி எடுங்கள். ஊற வைத்தால் அரக்கோடு கலந்திருக்கும் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டர்பன் காற்றின் ஈரத்துக்கு, நன்றாகக் காயாமல் உறையில் போட்ட தட்டில் பூஞ்சை பிடிக்கும்.

பெரியவரைத் திருத்தும் விஷயத்துக்கு வருவோம். ரசனையைப் பற்றிய பேச்சு என்றால் விட்டுவிடலாம். ஆனால் மீட்க முடியாத சேதம் வரும் என்றால், சொன்ன இடத்திலேயே, அன்றைக்கே திருத்த வேண்டும். யாராவது வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்துவிடுவார்கள். "அங்கிள், நீங்கள் சொல்வது எல்.பி.க்குத்தானே? 78-க்கு ஆல்கஹால் ஆகாது" என்றால் போதும், அவர் மரியாதை குறையாது. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், உடைந்த அரக்குத் துண்டு ஒன்றை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தேய்த்துக் காட்டுங்கள். பஞ்சு கறுக்கும்.

இந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. தடை நீங்கியது 1990-களில்தான். அந்தக் காலத்து இந்தியத் தட்டு ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அது போனபின் இன்னொன்று கிடைப்பது அரிது.

கேள்வி: ஊசி அழுத்தம் 1.5 கிராம் இருந்தால்தான் தட்டு தேயாது என்று ஒரு நண்பர் சண்டைக்கே வருகிறார். உண்மையா?
– வாசகர், லெனேசியா

பதில்: கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சிறு பெட்டி) பெயரைக் கேட்காமல் எண்ணைச் சொல்பவரோடு வாதாட வேண்டாம். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஆடியோ டெக்னிகா ஏடி-விஎம்95இ என்றால் 2.0. தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குக் கீழே போனால் ஊசி பள்ளச் சுவரை விட்டு எகிறி மறுபடி மோதும். "ஸ", "ச" ஒலிகள் கரகரப்பது அதன் முதல் அடையாளம். தட்டைத் தேய்ப்பது அந்த மோதல்தான். டோன்ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் கையை, சமநிலைக்குக் கொண்டுவந்து, பிறகு எடையை ஏற்றி, 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் பாருங்கள். தராசுத் தட்டு, இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: "மிக நல்ல நிலை" என்று சொல்லி விற்ற எல்.பி. படபடவென்று பொரிகிறது. விற்றவர் பெயரைக் குழுவில் சொல்லலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முதலில் வேண்டாம். தட்டைக் கழுவி, முடிந்தால் வேறொரு ஊசியிலும் ஓட்டிப் பாருங்கள். பொரிவது நிற்காவிட்டால் அரை நிமிட ஒலிப்பதிவை விற்றவருக்குத் தனியாக அனுப்புங்கள். பலர் விளக்கொளியில் கண்ணால் பார்த்து மட்டுமே தரம் போடுகிறார்கள். அது ஏமாற்று ஆகாது, ஆனால் போட்டுக் கேட்கவில்லை என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். தனியாகக் கேட்டும் பதிலே வராவிட்டால், பிறகு குழுவில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், வசவு இல்லாமல்.

திருப்பி அனுப்பும்போது தட்டை அட்டை உறைக்குள் வைக்காதீர்கள்; வழியில் குலுங்கி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, உறையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு நெளிவு அட்டைகளுக்கு நடுவே கட்டுங்கள். ஒரு அட்டையின் நெளிவு மற்றதற்குக் குறுக்காக இருந்தால் பொதி வளையாது.