ரெட்டைச் சம்பளக்காரர்

கேள்வி: எங்கள் தெருவில் மின்வாரிய வயர்மேன் ஒருவர் இருக்கிறார். 17 வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஒரு கையில் பென்ஷன், இன்னொரு கையில் சம்பளம். போதாததற்கு ரத்த தானம், ஏரிக்கரையில் பனை விதை, ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி என்று ஊருக்குள் ஏக மரியாதை. இரண்டு வருமானம் இருந்தால் யார்தான் சேவை செய்ய மாட்டார்கள்? ஒரு ஏழைப் பையனுக்குப் போயிருக்க வேண்டிய வேலை அல்லவா அது? என் மகனும் அவரிடம்தான் ஓடப் போகிறான் என்பதால் நேரில் கேட்க முடியவில்லை. (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: இரண்டு வருமானம் என்ன, வாடகை, வட்டி, கடை, நிலம் என்று நாலு வழியில் பணம் வருகிறவர்கள் உங்கள் ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களில் எத்தனை பேரை ஏரிக்கரையில் பனங்கொட்டையோடு பார்த்தீர்கள்?

அதுவும் வேலூர் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வருகிறது! கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்று ஏன் பேர் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய பூமி.

சரி, கணக்குக்கு வருவோம். மாநில அரசு ஊழியர் 60 வயது வரை நாற்காலியில் இருக்கலாம். 18, 20 வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவரைப் பெரும்பாலும் 40 வயதுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எல்லைக்கு இளம் ஆட்கள்தான் வேண்டும் என்று ராணுவம் நினைக்கிறது, அது அதன் தேவை. கைக்கு வரும் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. பிள்ளை அப்போதுதான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருக்கும். அந்த வயதில் வந்து, தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு அடிமட்டத்திலிருந்து கம்பம் ஏற ஆரம்பித்திருக்கிறார் உங்கள் தெருக்காரர். தமிழக அரசின் சி பிரிவுப் பணிகளில் முன்னாள் ராணுவத்தினருக்கு ஒதுக்கீடு 5 சதவீதம். நூற்றில் ஐந்து. உங்கள் ஏழைப் பையனுக்கு மிச்சம் 95 இருக்கிறது. அது ஏன் அவன் கைக்கு வரவில்லை என்று கேட்க வேண்டிய இடம் வேறு. அங்கே கேட்க நமக்குத் தைரியம் வருவதில்லை. எதிர்வீட்டுக்காரரின் பாஸ்புக்கை எட்டிப் பார்ப்பது சுலபம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அடுத்த வாரம் மன்னார்குடிப் பக்கம் போயிருந்தேன். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த வாரிய ஆட்கள் முழங்கால் சேற்றில் சிமென்ட் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "ஏக்... தோ..." என்று ஒருவர் குரல் கொடுக்க, கால்கள் ஒன்றாக நகர்ந்தன. விசாரித்தால், பழைய மிலிட்டரிக்காரர். மன்னார்குடி வயலில் இந்தியில் எண்ணுகிறீர்களே என்றேன். "வாய் பழகிடுச்சு சார்" என்று சிரித்தார்.

துணைமின் நிலையத்தில் லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்திவிட்டோம், வேலை செய்யலாம் என்ற அனுமதி, வாங்கியாகிவிட்டது. அப்புறமும் அவர் கம்பத்தில் கை வைக்கவில்லை. அங்கிருந்து கரண்ட் கொண்டுவரும் பீடர் லைனை நிறுத்தினால் மட்டும் போதாதாம். தெருவில் யாராவது, வாரிய லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் மாட்டியிருந்தால் கரண்ட் திரும்ப லைனுக்கு ஏறும். டிரான்ஸ்பார்மர் வழியாகப் போனால் அந்தப் பக்கம் அது 11,000 வோல்ட். மேலே இருக்கிறவன் கதை அத்தோடு முடிந்தது. அதனால் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும், தப்பி வரும் கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ராடை மாட்டி, தானே இழுத்துப் பார்த்தார். கூடவந்த சின்னப் பையன் ஒருவன் இடுப்புக் கயிறு இல்லாமல் ஏறப் போனான். அவனைப் பெயர் சொல்லிக் கீழே இறக்கினார். சுற்றி நின்ற ஜனம் "எங்க தெருவுக்கு எப்ப வரும்?" என்று கத்திக்கொண்டிருந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இவர் பதில் சொல்லவில்லை. இருட்டிய பிறகு வேலையை முடித்து, குளித்து, லுங்கியோடு வெளியே வந்தார். படுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஜெனரேட்டர் சத்தம் கேட்ட வீடாகப் பார்த்து, மெயினை எப்படி இறக்கி வைப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவருக்குப் படி கிடையாது.

உங்கள் தெருக்காரரும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. நல்ல மனிதர் என்று சான்றிதழ் கொடுக்க நான் யார்? ஆனால் அவரிடம் உண்மையாகவே கேட்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டீர்கள். ராத்திரி 11 மணிக்குத் தெருவில் ஃபியூஸ் போனால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? "அண்ணே, கொஞ்சம் பாருங்களேன்" என்று அவர் செல்லுக்குத்தானே? டூட்டியில் இல்லாத ஆள் தனியாக டிரான்ஸ்பார்மரில் கை வைப்பதைச் சேவை என்று சொல்ல மாட்டேன், அதில் உயிர் போகும். அவர் அதற்குப் போகிறார் என்றால் தப்பு, கண்டியுங்கள். கூப்பிடுகிறவர்களுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. 2021-லிருந்து மின்னகம் இருக்கிறது: 94987 94987. எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் வயிறெரியும் அந்த ரெட்டை வருமானம் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு இனிமேல் இல்லை. 2022-ல் சிப்பாய்களைச் சேர்க்க அக்னிபத் என்ற புதுத் திட்டம் வந்துவிட்டது. நாலு வருடம் சர்வீஸ். அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்கள் 11 லட்சத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு, பென்ஷன் இல்லாமல், இருபத்து சில்லறை வயதில் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஏரிக்கரையில் ஓடும் பையன்களுக்கு அதுவும் தெரியும். தெரிந்தும் ஓடுகிறார்கள். ராணுவ உடல்தகுதித் தேர்வில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண். பாரில் பத்து முறை ஏறி இறங்கினால் 40. அந்த ஐந்தரை நிமிடத்துக்காகத்தான் உங்கள் தெருக்காரர் தன் ஒரே லீவு நாளில் விடியும் முன்னே போய் நிற்கிறார். இதே பயிற்சிக்குக் காசு வாங்கும் அகாடமிகள் மாவட்டத்துக்கு மாவட்டம் போர்டு மாட்டியிருக்கின்றன.

உங்கள் மகனும் அங்கே போகப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் எவ்வளவு கட்டணம் என்று மட்டும் எழுதவில்லை.