பிக்கஸ்ட் லூசர்: போட்டிக் கணக்கும் கடைச் சரக்கும் – கேள்வி பதில்

2004இல் அமெரிக்காவின் என்.பி.சி. டிவி தொடங்கிய ‘பிக்கஸ்ட் லூசர்’ எடைக் குறைப்புப் போட்டி பற்றியும், அதன் பெயரில் விற்ற பொருட்கள் பற்றியும் சென்னை நேயர்கள் கேட்டவை.

மயிலாப்பூர்: சார், 20 கிலோ குறைத்தவர் தோற்று 15 கிலோ குறைத்தவர் ஜெயிக்கிறாரே?

சதவீதம்தான் கணக்கு. 160 கிலோக்காரருக்கு 20 என்பது 12.5 சதவீதம். 100 கிலோக்காரருக்கு 15 என்றால் 15.

தாம்பரம்: முதல் வாரமே அவ்வளவு இறங்குகிறதே, எல்லாம் கொழுப்பா?

பெரும்பாலும் தண்ணீர். உடம்பில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து போகும். ஒரு கிலோ கொழுப்பு கரையச் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். 8ஆம் சீசனின் 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த 2016 ஆய்வில், ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழிப்பது எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. அதை டிவியில் காட்டமாட்டார்கள்.

பெரம்பூர்: அந்தப் பெயர் போட்ட சமையல் தராசு வாங்கினேன். கலோரிக் கணக்கு தினமும் உதைக்கிறது.

தராசு மேல் பழி போடாதீர்கள் அம்மா. வேகாத அரிசி 100 கிராம் சுமார் 350 கலோரி, வெந்த சோறு சுமார் 130. கலோரிக் கணக்குப் போடும் மொபைல் ஆப்பில் ‘அரிசி’யைத் தொட்டுவிட்டுச் சோற்றின் எடையைப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காட்டும். வெறும் தட்டை வைத்து ‘டேர்’ பட்டனை அழுத்தி, பூஜ்யம் வந்தபின் பரிமாறுங்கள்.

எண்ணெய்தான் கள்ளன். கிராமுக்கு 9 கலோரி. தாளிக்கும் முன் பாட்டிலை நிறுத்து, எடையைத் தாளில் எழுதுங்கள். ஊற்றியபின் மறுபடி நிறுத்துக் கழியுங்கள். இதற்கு டேரை நம்பாதீர்கள்: கடுகு வெடிப்பதற்குள் தராசு தானாக அணைந்து, டேர் அழிந்துவிடும்.

சைதாப்பேட்டை: அண்ணா, அமெரிக்காவிலிருந்து நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் பெட்டி, ஏறி நின்றால் எடை காட்டும் அதன் பேலன்ஸ் போர்டு, டி.எச்.கியூ. கம்பெனியின் 2009 பிக்கஸ்ட் லூசர் கேம் வந்திருக்கிறது. அப்படியே சொருகலாமா?

சொருகினால் அடாப்டர் புகையும் தம்பி. அது 120 வோல்ட்டுக்கானது, நம் லைன் 230. ரிச்சி தெருவில் 100 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கேளுங்கள். அமெரிக்க வீயில் அமெரிக்க டிஸ்க்தான் ஓடும். ஐரோப்பிய டிஸ்க் வாங்கிக் காசை விடாதீர்கள். போர்டுக்கு நாலு டபுள் ஏ பேட்டரி, தாங்குவது 150 கிலோ. கயிற்றுப்பாய் மேல் வைத்தால் எடை தப்பும். போர்டின் ஒரு கால் டைல்ஸ் இடுக்கில் இறங்கினாலும் அதே கதைதான்.

வேளச்சேரி: அமெரிக்காவில் வாங்கிய பிக்கஸ்ட் லூசர் உடற்பயிற்சி டிவிடி இங்கே ஓடுமா?

டிவிடிக்கு நாட்டுவாரியாக ‘ரீஜன்’ பூட்டு உண்டு: அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம் பிளேயர் ரீஜன் 5. மல்டி ரீஜன் பிளேயர் இருந்தால் ஓடும்.